சீச்சி அக்காவும் ‘வெளியேற்று’ என்ற சொல்லும்

என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீச்சி அம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால். வீட்டில் நான் சீச்சி அக்கா என்பேன், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். எதைப் பார்த்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘சீ’. விருந்தாளி வாங்கி வந்த பழத்தைப் பார்த்தால் சீ. பஸ்ஸில் தொங்கும் கைப்பிடியைப் பார்த்தால் சீச்சீ. கல்யாணமாகி வந்த புதிதில், நான் அடுப்பு துடைத்த துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து அவர் சொன்ன ‘சீ’ இன்னும் என் காதில் நிற்கிறது. அன்றைக்கே எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது என்று தெரிந்துவிட்டது.

அவருக்கும் கல்யாணம் ஆனது. ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் புகுந்த வீட்டில் இருக்கவில்லை. அந்த மனிதர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஜன்னல் திரையில் துடைப்பாராம். அக்கா சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் வேறு ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். “திரையில துடைச்சார்” என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல், கடைசி அறையிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துவிட்டு அக்காவுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்.

பிறகு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. துணிக்கிடங்கில் விரிப்பு மடிக்கச் சேர்ந்து, அதே கிடங்குக்கு மேற்பார்வையாளர் ஆனார். வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் தியேட்டர் துணிகள் எல்லாம் மூட்டையாக வெளியே போகும். ஒரு சலவை கான்ட்ராக்டர் எடுத்துப் போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி அனுப்புவார். வந்ததை எண்ணி வாங்கி வைப்பதோடு மற்றவர்கள் வேலை முடிந்துவிடும். சீச்சி அக்கா எண்ண மாட்டார். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மடிப்பைப் பிரித்து, உள்மடிப்பில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார்.

ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது இதை நேரில் பார்த்தேன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. யார் யாரோ படுத்து எழுந்த துணி! உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூக்கைச் சுளிக்கும் மனுஷி, இதில் போய் மூக்கை நுழைக்கிறாரே என்று இருந்தது.

“என்னக்கா இது?” என்றேன்.

“இஸ்திரி போட்டா கண்ணை ஏமாத்திடலாம்மா. மூக்கை ஏமாத்த முடியாது. மேல் மடிப்புல சென்ட் வாசனை வரும். உள்ள பிரிச்சாத்தான் வண்டவாளம் தெரியும்.”

அந்த வண்டவாளம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கான்ட்ராக்டர் விரிப்புகளைத் துவைப்பதே இல்லை என்று அக்கா கண்டுபிடித்தார். கறை தெரிகிற இடத்தில் தண்ணீர் தெளித்து, வெளுப்புப் பொடி தேய்த்து, சூடாக ஒரு இஸ்திரி. அவ்வளவுதான். ஒருவர் காய்ச்சலில் வியர்த்துக் கிடந்த விரிப்பு, மொடமொடப்பாக மடிக்கப்பட்டு அடுத்தவர் முதுகுக்குக் கீழே போனது. எழுதும்போதே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. அக்கா மேலதிகாரியிடம் சொன்னார். நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் பூசி மெழுகப் பார்த்தார்கள். ‘உங்களுக்கு எல்லாமே அழுக்காத்தான் தெரியும், ஊரே சொல்லுது’ என்று சிரித்தார்களாம். இவர் விடாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுத, பொய்ப் புகார் சொன்னதாக இவரையே இடைநீக்கம் செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் பணியாளராகக் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு.

வேலைக்குப் போன கடைசி நாளில் அக்கா ஒரு விரிப்பைக் கொண்டு வந்தார். சலவையிலிருந்து ‘சுத்தமாக’ வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் பை என்று கட்டி, பால்கனி மூலையில் வைத்தார். தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் சாப்பாடு இறங்காதவர், இந்தக் கண்றாவியை என் துளசிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் வைத்திருந்தார். வெயில் ஏறினால் பைக்குள்ளிருந்து ஒரு வீச்சம் வரும். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினேன். “அந்தப் பையை நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்” என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

விசாரணை காணொளியில் நடக்கும் என்று தகவல் வந்தது. விசாரணை அதிகாரி தலைமை அலுவலகத்தில் இருப்பார், அக்கா வீட்டிலிருந்து பேச வேண்டும். கேமரா உள்ள கணினி முன்னால் உட்கார வேண்டும், கைப்பேசியில் வந்தால் ஏற்க மாட்டார்கள், வராவிட்டால் அவர் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டால் அக்காவின் வேலை போகும். விரிப்புகள் அப்படியே போய்க்கொண்டிருக்கும். அக்கா கவலைப்பட்டது இரண்டாவதுக்குத்தான். “புதுசா வர்ற ஒவ்வொரு ஆளும் அதுல படுப்பாங்கடா” என்று தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பம்ப் செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கணினி என்று வந்துவிட்டால் மட்டும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. அவர் ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்து, அதிலிருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டிருந்தார். அக்காவுக்குப் புரியட்டும் என்று எழுத்தையெல்லாம் தமிழில் மாற்றினார். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணினிக்கு வைஃபை வாங்கும் வசதி கிடையாது. எங்கள் வீட்டு நெட் என்பது மேல் வீட்டுக்காரரின் வைஃபை; அவர்களுக்குத் தண்ணீர் மோட்டார் போட்டுவிடுவதற்குப் பதிலாக அவர்கள் கொடுத்த கடவுச்சொல். வயர் இழுக்க வழியில்லை. ஆகவே ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கினால் போதும் என்றார்.

“சொருகினா வேலை செய்யும், அவ்ளோதான்,” என்றார்.

வாங்கி வந்தார். கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டு. கம்பெனிப் பெயரே இல்லாத ஒரு சாமான். பெட்டியின் ஓரத்தில் ஒரு பெங்குவின் படம், பக்கத்தில் சரி என்று பச்சை அடையாளம். அப்படியென்றால் லினக்ஸில் ஓடும் என்று அர்த்தமாம். அக்கா அதைக் கையில் வாங்கியதும் சீ என்றார். பிசுபிசுவென்று இருந்தது. ஸ்பிரிட்டை பஞ்சில் நனைத்துத் துடைத்துத்தான் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தார்.

சொருகினார்கள். வைஃபை வரவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சிடி படம் முளைத்தது.

“டேய், இது என்னடா? நாம சிடி எதுவும் போடலையே.”

“அது ஒண்ணுமில்லக்கா. விண்டோஸ்காரங்களுக்குன்னு அடாப்டருக்குள்ளேயே ஏதோ ஃபைலைப் போட்டு அனுப்பியிருக்கான். நமக்குத் தேவையில்ல. கண்டுக்காத.”

“தேவையில்லாததை எதுக்குடா கண்ணு முன்னாடி வெச்சிருக்க? சீ.”

அன்றிலிருந்து என் வீட்டில் நடந்த கூத்தை எப்படிச் சொல்வது! என் வீட்டுக்காரருக்கு வேலை விட்டு வந்ததும் முகம் கழுவக்கூட நேரமில்லை. கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு வெள்ளை எழுத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். அது ஒவ்வொரு முறையும் நீளமாக ஏதோ திட்டிவிட்டு நின்றுவிடும். இதற்கு டிரைவர் வேண்டும் என்றார், சாமானையும் கணினியையும் பேச வைக்கிற நிரலாம். டிரைவர் நெட்டில் இருக்கிறதாம். நெட் வருவதற்கான மருந்தை நெட்டில் வைத்திருக்கிறார்கள், எந்த அறிவாளி வேலை இது? என் போனில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, கணினியில் போட்டு, அதைக் கணினியே சமைத்துக்கொள்ள வேண்டுமாம். சமைக்க ஆரம்பித்தால் இன்னொரு சாமான் இல்லை என்று நிற்கும். அதை இறக்கினால் அதற்கும் ஒரு சாமான் இல்லை. என் போனையே வயரில் மாட்டி நெட் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். அதையும் பார்த்தார். என் போனில் வயர் சொருகும் ஓட்டை தளர்ந்து கிடந்தது, மேஜை லேசாக ஆடினாலே கழன்றுவிட்டது. வீட்டில் நெட் வருகிற போனே அது ஒன்றுதான்; புது போனுக்கு வழியில்லாத வீட்டில் அதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

உலகத்தில் இதே துண்டை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். அவர்கள் எழுதியதை என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று என் போனில் படித்துச் சொல்வார். ஒருவன் பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பான். கடைசியில் அவனே, ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று முடித்திருப்பான். எப்படிச் சரியானது என்று ஒரு வரி கிடையாது. கிணற்றில் விழுந்தவன் ஏறி வந்ததும் ஏணியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன், ‘இந்த அடாப்டரைக் குப்பையில் போடு, வேறு வாங்கு’ என்றான். பெரிய மனுஷன் ஒருவன், ‘ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பார்’ என்றான். மனிதர்கள் மேலேயே எனக்கு வெறுத்துப் போனது.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் பெட்டியைத் திருப்பி பெங்குவின் படத்தைக் காட்டினார். “படம் போட்டிருக்கு பாருங்க மேடம். அப்புறம் எப்படி ஓடாம இருக்கும்? உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு.” நிர்வாகி அக்காவிடம் பேசியதும் இதே தோரணைதான். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினால் அக்கா என்னைத்தான் சீ என்பார்.

விசாரணை நாள் வந்தது. காலைச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அக்கா குளித்து, வெள்ளைப் புடவையில் மடிப்புக் கலையாமல் வந்து கணினி முன் உட்கார்ந்தார். பால்கனியிலிருந்து அந்தப் பையையும் கொண்டு வந்து காலடியில் வைத்துக்கொண்டார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றேன். மேல் வீட்டுக்காரர் கணினியும் ஆகாது. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள், வைஃபை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அடாப்டரைப் பிடுங்கினார், சொருகினார், வேறு ஓட்டையில் சொருகினார், ஊதிச் சொருகினார். சிடி படம் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்தது.

“என்னால முடியலக்கா,” என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் ‘முடியல’ என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஏதாவது கணினிக் கடைக்கு ஓடலாமா என்று பார்க்க, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுத்தமான நீலத் திரை. மூலையில் அந்த சிடி.

“போற காரியம் போகட்டும். இந்த அழுக்கு எதுக்கு இங்க?” என்று மவுஸைப் பிடித்தார். சிடி படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினார். ஒரு பட்டியல் விழுந்தது. திற. நகலெடு. பண்புகள். வெளியேற்று.

“வெளியேற்றுன்னு இருக்கேம்மா. இத்தனை நாளா இவன் இதைச் செய்யக்கூடாதா?”

“அக்கா, எதையாவது அமுக்கிக் கெடுத்துடாதீங்க!” என்றேன்.

“இதுக்கு மேல கெட என்ன இருக்கு? சீ, போ வெளிய!” என்று அழுத்தினார்.

சிடி மறைந்தது. அடாப்டரும் செத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடி அந்தக் கறுப்புத் துண்டின் ஓரத்தில், அதில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு சின்ன நீல விளக்கு மினுக்கியது. திரையின் மேல் ஓரத்தில் விசிறி போல ஒரு படம். தொட்டால் வரிசையாகப் பெயர்கள். நடுவில் மேல் வீட்டுக்காரர் வைஃபை.

நான் ஜன்னலுக்கு ஓடி, தெருமுனையில் போய்க்கொண்டிருந்தவரை “என்னங்க!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடி வந்தவர் விளக்கைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“என்னக்கா பண்ணின?”

“சிடியைத் துரத்தினேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “அட, வேஷம்க்கா! சிடி மாதிரி வேஷம் போட்டு உக்காந்திருக்கு. அதைத் தூக்கி வெளிய போட்டாத்தான் வைஃபையா மாறும். டிரைவரெல்லாம் லினக்ஸுக்குள்ளேயே இருந்திருக்கு. நான்தான் கண்டுக்காதன்னு சொன்னேன்.” சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் என்னவென்று மறைத்துக்கொண்டு வருகிற ஒரு சாமானைச் செய்து, அதற்குப் பெட்டி போட்டு, படம் ஒட்டி விற்கிறார்களே, இவர்கள் வீட்டிலெல்லாம் மனிதர்கள்தான் இருக்கிறார்களா?

விசாரணை சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. திரையில் மூன்று முகங்கள். விசாரணை அதிகாரி, ஆஸ்பத்திரி நிர்வாகி, கான்ட்ராக்டரின் ஆள். நிர்வாகி பேசினார். நல்ல பேச்சு. இந்த அம்மாவின் சுபாவமே இப்படி, எல்லாவற்றிலும் அழுக்கைத் தேடுவார், கட்டின புருஷனையே அதற்காக விட்டுவிட்டு வந்தவர் என்றார். அதை யார் அவரிடம் சொன்னார்களோ! என் காது சூடானது.

“உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்று அதிகாரி கேட்டார். கேட்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார்.

“இருக்கு சார்.” அக்கா குனிந்து பையை எடுத்து மேஜை மேல் வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். அதற்குள்ளிருந்த பையை அவிழ்த்தார். கடைசிப் பையை அவிழ்த்ததும் அறை முழுக்க வீச்சம் அடித்தது. என் வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டார். அக்கா விரிப்பைக் கேமரா முன்னால் தூக்கி, ஆஸ்பத்திரி முத்திரையைக் காட்டினார். சலவைக்காரர்கள் குத்தியனுப்பிய ‘சுத்தம்’ சீட்டைக் காட்டினார். பிறகு மடிப்பைப் பிரித்தார். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகக் காய்ந்த கறை, இஸ்திரிச் சூட்டில் பளபளவென்று தேய்ந்து, ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது.

“சீச்சீ! மூடுங்கம்மா, மூடுங்க!” என்று கத்தியது விசாரணை அதிகாரி. கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வேறு ஊரில், வேறு கட்டிடத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்!

“சார், உங்களுக்கு வாடைகூட வராது. பார்த்ததுக்கே சீன்னுட்டீங்க. இதுல படுக்கிறவங்களுக்கு முதுகுல கண்ணு கிடையாது சார்.”

நிர்வாகியின் உதடுகள் அசைந்தன. எங்களுக்குக் கேட்காதபடி ஒலியை நிறுத்திவிட்டு அவரும் அதிகாரியும் ஏதோ பேசினார்கள். அப்புறம் முகங்கள் மறைந்தன. கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வரி: ‘கூட்டத்தை நடத்துபவர் உங்களை வெளியேற்றிவிட்டார்.’

என் வீட்டுக்காரர் பதறி அடாப்டர் மேல் பாய்ந்தார். “நெட் போச்சா? அசையாதக்கா, நான் பார்க்கிறேன்.”

“விடுடா. விளக்கு எரியுது பாரு. நெட் நல்லாத்தான் இருக்கு.” அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். ‘வெளியேற்றிவிட்டார்’ என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த மனுஷி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுவார் என்று நினைத்தேன். அவர் அடாப்டரைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். மெதுவாக விரிப்பைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இந்த அடாப்டரும் தூக்கி வெளிய போட்டப்புறம்தானேடா வேலை செய்ய ஆரம்பிச்சுது?” என்றார். எழுந்து கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். “வேலைக்காரியாத்தானே உள்ள விட மாட்டாங்க. நோயாளியைப் பார்க்க வர்றவங்களை விடுவாங்கல்ல?”

அவர் செருப்பை மாட்டுவதற்குள் நான் மேஜையிலிருந்து பையை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை. கையில் எடுத்த பிறகுதான் நான் எதைத் தூக்கியிருக்கிறேன் என்று உறைத்தது. அருவருப்பு குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பார்வையாளர் நேரம். வெளி நோயாளிகள் கூடத்தில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. வாசலில் இருந்த காவலாளி அக்காவைப் பார்த்துத் தயங்கினார். “பார்க்க வந்திருக்கோம்,” என்றேன் நான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் அக்கா விரிப்பை வாங்கி உதறி விரித்தார். கூட்டம் பின்வாங்கியது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

“இது இங்க துவைச்சு வந்த விரிப்பு. முத்திரையைப் பாருங்க. எதையும் நம்ப வேணாம். உங்க வீட்டு ஆளு படுத்திருக்கிறதை ஓரமா தூக்கி, மோந்து மட்டும் பாருங்க.”

யாரும் அசையவில்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் பைத்தியம் என்று முணுமுணுத்தார். சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை பெஞ்சில் வைத்துவிட்டு விறுவிறுவென்று ஆண்கள் வார்டுக்குள் போனாள்.

அக்கா காத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வார்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. “சீ!”

பெஞ்சிலிருந்து இன்னும் சிலர் எழுந்து உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வார்டிலிருந்து இன்னொரு குரல்.